ஓனர் என்னிடம் மட்டும் கேட்ட கேள்வி

1

2019 பிப்ரவரியில் செழியனின் ‘டு லெட்’ தியேட்டருக்கு வந்தபோது நான் கல்லூரியில் கடைசி வருடம். நானும் என் விடுதி அறை நண்பனும் காலைக்காட்சிக்குப் போனோம். பாதி இருக்கைகள்கூட நிரம்பவில்லை. படம் முடிந்து வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. “இந்த ஓனருங்களை எல்லாம் என்னடா பண்றது” என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினேன். நண்பன் டீயைக் குடித்து முடித்துவிட்டு ஒரே ஒரு வரிதான் சொன்னான். “படம் நல்லாதான் இருக்கு மச்சி. ஆனா ஓனருங்க ரொம்பப் பேசுறாங்க.”

அது ஒரு சினிமா விமர்சனம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. வசனம் அதிகம் என்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். வசனமே குறைவான படத்தைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று சிரிக்கவும் செய்தேன். நான்கு வருடம் கழித்து, சென்னையில் நாங்கள் இருவரும் தனித்தனியாக வீடு தேடிய பிறகு, அதே படத்தை இன்னொருமுறை பார்த்தேன். அப்போதுதான் அந்த வரி விளங்கியது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்கு நான் எழுதும் தாமதமான உரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

‘டு லெட்’ பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. கதை நடப்பது 2007இல், ஐ.டி. நிறுவனங்களால் சென்னையின் வாடகை தாறுமாறாக ஏறிய காலத்தில். சினிமாவில் தன் இடத்துக்காகக் காத்திருக்கும் இளங்கோ, மனைவி அமுதா, சின்னப் பையன். வீட்டுக்காரம்மா ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார். கணவனும் மனைவியும் வண்டியில் தெருத்தெருவாகப் போய் ‘டு லெட்’ போர்டு தேடுகிறார்கள். கதை இவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. குக்கர் சத்தம், ஃபேன் சத்தம், தெருவில் போகும் வண்டியின் ஹாரன், மாடிப்படியில் ஏறி வரும் செருப்புச் சத்தம் இவைதான் படத்தின் இசை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

செழியன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். வீட்டை அவர் பார்க்கும் விதத்தில் அது தெரிகிறது. வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு அவமானம் உண்டு. நீங்கள் காலி செய்யப்போகும் வீட்டைப் பார்க்க, நீங்கள் இருக்கும்போதே ஆள் வருவார்கள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், கொடியில் உள்பாவாடை காயும், குழந்தை தரையில் தூங்கும். வந்தவர்கள் உங்கள் தலைக்கு மேல் பார்வையை ஓட்டி “கிச்சன்ல ஷெல்ஃப் கம்மியா இருக்கே” என்பார்கள். இந்த நுழைவை ‘டு லெட்’ அளவுக்குக் கூர்மையாகக் காட்டிய வேறு தமிழ்ப் படம் எனக்குத் தெரியாது. அப்படி வந்து பார்ப்பவர்களும் இன்னொரு இடத்தில் காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள்தானே என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. அதுதான் படத்தின் பெரிய பலம்.

ஆனால் படத்தின் நடுப்பகுதி வேறு மாதிரி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வி. என்ன வேலை பார்க்கிறீர்கள், சினிமாவா, அசைவமா, என்ன ஆளுங்க. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கதவு மூடுகிறது. சாதி, மதம், சாப்பாடு, தொழில் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எடையில் நிற்கின்றன. எனக்கு இங்கேதான் இப்போது இடிக்கிறது. இந்த நான்கும் ஒன்றல்ல. தொழிலை மாற்றிச் சொல்லலாம். இளங்கோவே அதைச் செய்து பார்க்கிறான், சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஐ.டி. ஆளாக நடிக்கப் பார்க்கிறான். சாப்பாட்டை மறைக்கலாம், சென்னையில் எத்தனையோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் மீன் பொரிகிறது. மற்ற இரண்டையும் என்ன செய்வது?

2019இல் படம் பார்த்தபோது இளங்கோவின் சாதி என்ன என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசிக்கத் தோன்றவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் என்னையே அவன் இடத்தில் வைத்துப் பார்த்தேன். என் சாதியை அவனுக்குப் போட்டுவிட்டு, அந்த வசதியில் இருந்துகொண்டு அவனுக்காகக் கோபப்பட்டேன்.

3

‘டு லெட்’டைப் பற்றிப் பேசும் எல்லோரும் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தையும் சேர்த்தே பேசுகிறார்கள். இரண்டும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதில் தொடங்குகின்றன. இரண்டும் பாட்டு இல்லாத, சத்தம் போடாத படங்கள். ஆனால் ஒப்புமை அத்தோடு நின்றுவிடுகிறது.

‘வீடு’ படத்தில் வாடகை வீடு தேடுவது தொடக்கத்தில் கொஞ்ச நேரம்தான். சுதாவும் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் கோபியும் அலைந்து பார்க்கிறார்கள், வாடகை கட்டுப்படியாகவில்லை. கூட வேலை பார்க்கும் பெரியவர் சொந்தமாகக் கட்டிவிடலாமே என்கிறார். வளசரவாக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு மனை இருக்கிறது. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டத் தொடங்குகிறார்கள். அதன்பிறகு படம் கான்ட்ராக்டர், சிமென்ட் திருட்டு, லஞ்சம், கடன் என்று போகிறது. சிமென்ட் மூட்டை காணாமல் போவதைத் தட்டிக்கேட்கும் சித்தாள் மங்கம்மா, பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்க்கும் தாத்தா சொக்கலிங்க பாகவதர் இருவரும் மறக்க முடியாதவர்கள். கடைசியில் அந்த நிலத்தைக் குடிநீர் வாரியம் ஏற்கெனவே கையகப்படுத்திவிட்டது என்று தெரியவருகிறது.

‘வீடு’ அரசு இயந்திரத்தைப் பற்றிய படம், நடுத்தர வர்க்கத்தின் நொறுங்கலைப் பற்றிய படம் என்றெல்லாம் நிறைய எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சரிதான். நான் இப்போது பார்க்கும்போது கண்ணில் படுவது அந்த இரண்டு மனை. வாடகை கொடுக்க முடியாத குடும்பத்தின் பின்னால் நிலம் இருக்கிறது. கதை முட்டுச்சந்தில் நிற்கும்போது அந்த நிலம் ஒரு வழியைத் திறக்கிறது. பாலு மகேந்திரா இதை மறைக்கவில்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. 1988இல் வளசரவாக்கம் ஊருக்கு வெளியே. அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011இல்தான். குமாஸ்தா வேலை பார்த்த ஒரு தலைமுறை அங்கே மனை வாங்கிப் போட்டது உண்மை. யாரால் வாங்க முடிந்தது, யார் அந்த லே-அவுட்டுக்குள் வரவே இல்லை என்பது படத்துக்கு வெளியே நிற்கும் கேள்வி. சுதாவைப் போன்றவர்கள் கட்டி முடித்த வீடுகளின் மாடியில்தான் இன்று நாம் வாடகைக்கு இருக்கிறோம். ஒருவகையில் ‘வீடு’ படத்தின் அடுத்த பாகம் ‘டு லெட்’. அன்றைக்கு அலைக்கழிக்கப்பட்டவர் இன்றைக்கு ஓனர்.

இன்னும் பின்னால் போனால் கே. பாலசந்தரின் ‘எதிர் நீச்சல்’ (1968). ஒரே வீட்டில் பல குடித்தனங்கள். மாடிப்படிக்குக் கீழே மாது. வாடகை கிடையாது, அதற்குப் பதிலாக எல்லா வீட்டுக்கும் எடுபிடி வேலை, அதற்குக் கூலியாக மிச்சம் மீதிச் சோறு. அந்த வீட்டில் கிட்டு மாமா இருக்கிறார், பட்டு மாமி இருக்கிறார், நாயர் இருக்கிறார். ஒட்டுக்குடித்தன வீட்டை ஒரு குட்டி இந்தியாவாகக் காட்டும் பழக்கம் நம் நாடகத்திலும் சினிமாவிலும் நீண்ட காலம் ஓடியது. அந்தக் கதைகளில் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருப்பார்கள். சண்டை போடுவார்கள், காபிப்பொடி கடன் வாங்குவார்கள். அவர்கள் உள்ளே வந்த நாளை யாரும் காட்டியதில்லை. வாசலில் என்ன கேட்டார்கள், யார் திரும்பிப் போனார்கள் என்பது அந்தக் கதைகளுக்குத் தேவைப்படவில்லை.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் குடியிருப்பவர்களின் நிலை இன்னும் நெருக்கமாக வருகிறது. யார் பம்பில் எப்போது குடம் வைக்கலாம் என்பதிலேயே ஜமுனா போன்ற ஒருத்திக்கு அந்த வீட்டில், அந்தத் தெருவில் என்ன இடம் என்று அவர் சொல்லிவிடுகிறார். ஆனால் அதுவும் உள்ளே வந்துவிட்டவர்களின் கதைதான்.

வாசலில் நின்ற ஒரு கதை எனக்குத் தெரியும். அதை எழுதியவர் புதுமைப்பித்தன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை நாம் கடவுளைக் கிண்டல் செய்யும் கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கும் கடவுள், ஆயுள் சந்தா கேட்கும் பிள்ளை, காபி கிளப். ஆனால் பிள்ளை அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் இடத்தை நிறுத்திப் படித்துப் பாருங்கள். கடவுள் என்று சொல்லி உள்ளே கூட்டிப்போக முடியாது. ஒரு ஊரும் ஒரு உறவுமுறையும் தேவை. பிள்ளை அவரைக் கைலாசத்தை ஒட்டிய ஒரு ஊரின் பெரியப்பாவாக ஆக்கி உள்ளே அழைத்துப் போகிறார். பெரியப்பா ஆனதும் எல்லாம் சரியாகிவிடுகிறது, தண்ணீர் வருகிறது, சாப்பாடு வருகிறது. இந்த நகரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழையக் கடவுளுக்கே ‘நம்ம ஆளு’ என்ற அட்டை வேண்டியிருக்கிறது. 1943இல் வந்த கதை இது. ‘டு லெட்’டின் கேள்விகளுக்கு எல்லாம் மூலக்கேள்வி அங்கே சிரிப்போடு சிரிப்பாக ஒளிந்துகிடக்கிறது.

4

இனி என் கதை.

2023இல் எனக்கு விருகம்பாக்கம் பக்கம் வேலை. என் நண்பனுக்கும் அந்தப் பக்கமே வேலை கிடைத்திருந்தது. நான் ஒரு தூரத்து உறவினர் வீட்டிலும் அவன் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றிலும் தங்கியிருந்தோம். இருவரும் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்றுதான் முதலில் தேடினோம். ‘பேச்சிலர்ஸ்’ என்றதும் போனை வைத்தார்கள். என் அம்மா ஊரிலிருந்து வந்து என்னோடு இருப்பதாக முடிவானதும் நான் ‘ஃபேமிலி’ ஆகிவிட்டேன். அவன் தனியாகத் தேடத் தொடங்கினான். அவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

வளசரவாக்கத்தில் ஒரு மாடி. ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன், வெளியே கொஞ்சம் வராண்டா. வாடகை 11,000. கரன்ட் யூனிட்டுக்கு 8 ரூபாய், தண்ணிக்கும் மெயின்டனன்ஸுக்கும் மாதம் 500. அட்வான்ஸ் பத்து மாதம். முதலில் போய்ப் பார்த்தவன் அவன்தான். ஓனர் ஆன்ட்டி நன்றாகப் பேசினார்களாம், மோர் கொடுத்தார்களாம். “போலீஸ் ஸ்டேஷன்ல கேக்குறாங்க தம்பி, ஆதார் ஜெராக்ஸ் மட்டும் குடுத்துட்டுப் போங்க” என்றார்களாம். அவன் கொடுத்தான். இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணியபோது “அய்யோ தம்பி, நேத்துதான் வேற ஒருத்தர் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டாங்க” என்று வருத்தப்பட்டார்களாம். அவன் அதை எந்தச் சந்தேகமும் இல்லாமல்தான் என்னிடம் சொன்னான். அல்லது அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு வழியாகப் போனேன். கேட்டில் தகரப் போர்டு அப்படியே தொங்கியது. நான் மணியடித்தேன்.

என்னிடம் ஆதார் கேட்கவில்லை. பேசினார்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றார், அப்பா பேர் என்ன, குலசாமி எங்கே. கடைசியில் “அப்ப நீங்க நம்ம பக்கம்தான்” என்று ஆன்ட்டியே ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் சாதியும் என் சாதியும் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர்கள் மனதில் இருந்த ஏதோ ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். பத்து மாத அட்வான்ஸ் 80,000 ரூபாயில் வந்து நின்றது. “நம்ம பசங்க கிட்ட என்ன கறார் பேசிக்கிட்டு” என்றார்கள்.

படியிறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் நண்பனின் ஆதார் அட்டையை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். கல்லூரி உதவித்தொகைக்கு நானேதான் அதை ஜெராக்ஸ் எடுத்து வருவேன். அதில் கதவு எண்ணுக்கு அடுத்து இருக்கும் சொல் ‘காலனித் தெரு’. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது, அதே அர்த்தத்தால்தான்.

நான் அட்வான்ஸைத் திரும்பக் கேட்கவில்லை. ஆறு மாதமாகத் தேடி அலுத்துப்போயிருந்தேன். அம்மா மூட்டை கட்டிவிட்டிருந்தாள். இவையெல்லாம் காரணங்கள்தான், பொய்யில்லை. குடிபோன அன்று குட்டியானையில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தபோது கூட வந்தவன் அவனேதான். எந்த வீடு என்று தெருமுனை வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துப் படியேறினான். ஆன்ட்டி வராண்டாவில் நின்று அவனை உற்றுப் பார்த்தார்கள். “யாரு தம்பி இது?” என்றார்கள். அடையாளம் தெரிந்துதான் கேட்டார்களா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. நான் சொன்னேன்: “சாமான் இறக்க வந்தவர் ஆன்ட்டி.”

நண்பன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. அதனால்தான் அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. அந்தச் சொல் தானாக வந்தது.

5

அந்த வீட்டில் உட்கார்ந்துதான் ‘டு லெட்’டை இரண்டாவது முறை பார்த்தேன். கேள்வி கேட்கும் ஓனர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முன்பு வந்த கோபம் வரவில்லை. அவர்கள் ரொம்பப் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

நண்பன் சொன்னது இதைத்தான். நம் படத்திலும் கதையிலும் பாகுபாடு என்பது ஒரு கேள்வியாக வருகிறது. முகத்துக்கு நேராக, கொஞ்சம் முரட்டுத்தனமாக. அப்படி வந்தால்தான் பார்வையாளனுக்குக் கோபப்பட வசதி. நான் கண்ட வீட்டில் நடந்தது நேர்மாறு. வீடு கிடைத்தவனிடம்தான் கேள்வி கேட்டார்கள். கிடைக்காதவனுக்கு மோர் கொடுத்தார்கள், ஜெராக்ஸ் வாங்கினார்கள், வருத்தப்பட்டார்கள். ஊர், குலசாமி என்று வளைத்து வளைத்துக் கேட்பது ஒருவனைச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு. தள்ளுவதற்குப் பேச்சே வேண்டியிருக்கவில்லை.

2007இல் ஆதார் இல்லை. அந்த வகையில் ‘டு லெட்’ வாய்மொழிக் கேள்வியின் கடைசிக் காலத்தைப் பதிவு செய்த படம் என்று சொல்லலாம். இன்று கேள்வி வாயிலிருந்து காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து போனுக்கும் இடம் மாறிவிட்டது. வீடு தேடும் செயலிகளில் ஃபேமிலியா பேச்சிலரா, வெஜ்ஜா நான்-வெஜ்ஜா என்று பெட்டிகள் இருக்கின்றன. டிக் செய்தால் போதும், யாரும் யாரிடமும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த மரியாதையான நிராகரிப்பை எப்படிப் படமாக்குவது, எப்படிக் கதையாக்குவது என்பது என் தலைமுறை எழுத்தாளர்களின் பிரச்சினை. ஆன்ட்டியைக் கொடுமைக்காரியாக எழுதினால் கதை பொய்யாகிவிடும். அவர்கள் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள்.

சட்டமும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2017இல் தமிழ்நாடு புதிய வாடகைச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில், ‘டு லெட்’ திரைக்கு வந்த அதே மாதம். ஒப்பந்தத்தை எழுத வேண்டும், பதிய வேண்டும் என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய. அந்த ‘ஒழிய’வுக்குள் என் 80,000 ரூபாய் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றில் சாதியைக் காட்டி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. வாடகைக்கு விடும் மாடி அந்தப் பட்டியலில் இல்லை. அது ஒருவருடைய சொந்த வீடு, சொந்த விருப்பம்.

சட்டம் தொடாத இடத்தை இலக்கியம் தொடும் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். வாடகை வீடு விஷயத்தில் நான் படித்தவரை, பார்த்தவரை, இலக்கியமும் சினிமாவும் வீடு கிடைக்காத நல்லவனோடு நின்றுவிடுகின்றன. வீடு கிடைத்தவன் கதைக்குள் வருவதில்லை. இளங்கோவுக்குக் கிடைக்காத அந்த வீடுகளில் எல்லாம் யாரோ ஒருவன் குடிபோயிருப்பான். அவன் ஐ.டி. ஆளாக இருக்கலாம். அவனும் வாடகைக்காரன்தான், அவனுக்கும் ஓனர் மேல் ஆயிரம் குறை இருக்கும். ‘டு லெட்’ பார்த்து அவனும் கொதித்திருப்பான். படத்தில் ஐ.டி. என்பது வாடகையை ஏற்றிவிடும் முகமற்ற சக்தியாக வருகிறது. அந்த முகமற்ற ஆளின் முகம் என்னுடையதாக இருக்கலாம் என்று நினைக்கப் படம் இடம் கொடுக்கவில்லை. நாம் எல்லோரும் இளங்கோவாகவே வெளியே வருகிறோம். தியேட்டரில் இருந்த எல்லோருமே இளங்கோ என்றால் அத்தனை வீட்டிலும் குடியிருப்பது யார்?

இதைச் சொல்வதால் ‘டு லெட்’ சின்னப் படம் ஆகிவிடாது. முப்பது வருடத்தில் வாடகை வீட்டை முழுமையாக எடுத்துக்கொண்டு பேசிய படம் அது. பணத்தோடு நிற்காமல் ‘நீ யார்’ என்று கேட்கிறார்கள் என்பதைத் திரையில் சொன்ன படம். அது திறந்த கதவு வழியாகத்தான் நான் இந்தக் கேள்விக்கே வந்தேன். என் குறை, படம் பார்த்த என்னைப் பற்றியதும்தான். நல்ல படம் ஒன்றை என் மனசாட்சிக்குச் சான்றிதழாகப் பயன்படுத்திக்கொண்டேன். 2019இல் டீக்கடையில் அரைமணி நேரம் பேசியவன் 2023இல் வராண்டாவில் ஒரு சொல்லைப் பேசவில்லை.

6

போன மாதம் ஆன்ட்டி மேலே வந்தார்கள். பின்பக்க போர்ஷன் காலியாகிறதாம். “போர்டு மாட்டுனா கண்டவங்களும் வர்றாங்க தம்பி. உங்க ஆளுங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன்” என்றார்கள். நான் “சொல்றேன் ஆன்ட்டி” என்றேன். அவர்கள் இறங்கிப்போன பிறகு வெகுநேரம் வராண்டாவிலேயே நின்றேன். இரண்டு வருடத்தில் நான் வடிகட்டப்பட்டவனிலிருந்து வடிகட்டி ஆகியிருந்தேன்.

அன்று இரவே நண்பனுக்குப் போன் பண்ணினேன். அவன் இப்போது கொளத்தூர் பக்கம் மனைவியோடு இருக்கிறான், தினமும் போக வர மூன்று மணி நேரம் பயணம். விஷயத்தைச் சொன்னேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன், என் நண்பன் என்று சொல்லியே பேசுகிறேன், தரமாட்டேன் என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும் என்றேன். குடிவந்த அன்று சொன்ன அந்தச் சொல்லுக்காக மன்னிப்பும் கேட்டேன். அதை ஞாபகம் வைத்திருக்கிறானா என்றுகூடத் தெரியாமல்தான் கேட்டேன். ஞாபகம் வைத்திருந்தான்.

“வேணாம் மச்சி” என்றான். “நீ சொல்லிக் கெடைக்கிற வீட்டுல, தெனமும் உன் பேரைச் சொல்லித்தானே நான் கேட்டைத் தெறக்கணும்.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு நான் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். ‘டு லெட்’ பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கு நீ சொன்னதைத்தான் எழுதுகிறேன் என்றேன். சிரித்தான்.

“எழுது. ஆனா அந்த ஓனரம்மா என்ன சொன்னாங்கன்றதுலாம் பெருசா எழுதாத. வீட்டைக் குடுத்தாச்சுன்னு போன்ல சொன்னாங்கல்ல, அன்னிக்குச் சாயங்காலம் நான் அந்தத் தெரு வரைக்கும் போனேன். போர்டு இருக்கான்னு பாக்கத்தான் போனேன். இருந்துச்சு. அங்கேருந்து பஸ் ஸ்டாப்புக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை எவனாவது படம் எடுத்தா சொல்லு, வந்து பாக்குறேன்.”

ஆக, நான் போர்டைப் பார்ப்பதற்கு முன்பே அவன் பார்த்திருக்கிறான். எனக்கு அவன் அதைச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டுதான் என் பீரோவைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறியிருக்கிறான்.

பின்பக்க போர்ஷன் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆன்ட்டி நேற்றும் கேட்டார்கள்.